புது லென்ஸைச் சோதிக்கக் கண்ணைக் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கண்புரையைப் பற்றியவை. அறுவடை முடிந்து கையில் நாலு காசு வந்த பிறகுதான் வன்னியில் பலருக்குக் கண் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது. நான் வைத்தியர் அல்ல. கண் சத்திரசிகிச்சைக்கூடத்தில் ஆயுதம் எடுத்துக் கொடுத்து, லென்ஸ் பெட்டியின் எண்ணை உரக்க வாசித்துச் சரிபார்த்து ஓய்வு பெற்ற தாதி. சொட்டு மருந்து எழுதித் தரும்படி கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அது என் வேலை இல்லை. மற்றவர்களுக்குப் பதில் கீழே.

கேள்வி: அன்புள்ள அக்கா, லண்டனில் இருக்கும் என் அண்ணாவுக்கு 68 வயது. இரண்டு கண்ணிலும் புரை. புதுவகை லென்ஸ் ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் சேர விருப்பமா என்று அங்கிருந்து கடிதம் வந்திருக்கிறது. அண்ணாவுக்கு ஒரே ஆசை. இங்கே அம்மாவோ, “என் பிள்ளை என்ன சோதனை எலியா?” என்று சோறு தண்ணீர் இல்லாமல் இருக்கிறார். அம்மாவுக்கும் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறது. நான் யார் பக்கம் பேசுவது? — வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். பிறகு, அவர் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் எப்படி வந்தது என்று கேளுங்கள். அந்த வகை லென்ஸும் ஒரு நாள் முதன்முதலாக யாரோ ஒருவருடைய கண்ணில் வைத்துப் பார்க்கப்பட்டதுதான். எவரோ பெற்ற பிள்ளைகள் சம்மதித்ததால்தான் அம்மா இன்றைக்கும் தானே அரிசியில் கல் பொறுக்குகிறார்.

அதற்காக அம்மாவின் பயத்தை மூடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணாவின் ஆசையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

புது லென்ஸ் ஒன்று நேரே மனிதக் கண்ணுக்கு வருவதில்லை. முதலில் ஆய்வுகூடத்தில் அதைப் படாத பாடு படுத்துவார்கள். பல ஆண்டு முதுமையைச் சில மாதங்களில் வரவழைக்க வெப்பத்தில் ஊறப்போடுவார்கள். புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். பின்னாளில் கண்ணுக்கு லேசர் அடிக்க நேர்ந்தால் வெடிக்குமா, நஞ்சு கசியுமா என்று லேசரால் சுட்டும் பார்ப்பார்கள். அதன் பிறகு முயலின் கண். அதையும் கடந்தால்தான் மனிதர். பொதுவாக 300 பேர் அளவில் வைத்து ஏறத்தாழ ஓராண்டு பார்ப்பது சர்வதேச நடைமுறை. எட்டத்து எழுத்து, கை எட்டும் தூரத்து எழுத்து, புத்தக எழுத்து எல்லாம் வாசிக்கச் சொல்வார்கள். மங்கல் சாம்பல் நிறத்தில் அச்சிட்ட எழுத்தையும் காட்டுவார்கள். தெளிவான கறுப்பை வாசித்துவிடும் கண் அங்கேதான் தடுமாறும். கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடியின், உட்பக்கத்து உயிரணுக்களைக்கூட எண்ணுவார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இத்தகைய ஆய்வு பலவற்றில் யாருக்குப் புது லென்ஸ், யாருக்குப் பழைய லென்ஸ் என்பது குலுக்கல் முறையில்தான் முடிவாகும். சில ஆய்வுகளில் எது தன் கண்ணில் இருக்கிறது என்பதை முடியும்வரை நோயாளிக்குச் சொல்வதும் இல்லை. ஆகவே அண்ணா புது லென்ஸுக்கு ஆசைப்பட்டுப் போனால் பழையதோடு திரும்பி வரலாம். வந்தால் நட்டமும் இல்லை. பழையது என்று நாம் சொல்லும் சாதாரண லென்ஸ் மிக நல்ல பொருள். எட்டத்தைத் தெளிவாகக் காட்டும், வாசிக்க மட்டும் கண்ணாடி கேட்கும். புது லென்ஸ் வெல்ல வேண்டியது குருட்டுத்தன்மையை அல்ல, ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் இந்த லென்ஸை. அதனால் கிடைக்கக்கூடிய லாபம் சிறியது. கண்ணாடி கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

ஆபத்து எங்கே இருக்கிறது? சத்திரசிகிச்சை மேசையில் அல்ல. அது பெரும்பாலும் எந்த லென்ஸுக்கும் ஒன்றுதான். ஆபத்து ஆண்டுகளில் இருக்கிறது. 1950களில் கண்மணிக்கு முன்னால் உள்ள அறையில் வைக்கும் லென்ஸ்கள் வந்தன. ஆரம்பத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில ஆண்டுகள் போனதும் பலருடைய கருவிழி வீங்கி மங்கத் தொடங்கியது, ஏராளமான லென்ஸ்களைக் கழற்றி எடுக்க வேண்டி வந்தது. 1990களின் கடைசியில் வேறொரு கதை. நீர் உறிஞ்சும் அக்ரிலிக்கால் செய்த ஒரு வகை லென்ஸ், வைத்து ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு கண்ணுக்குள்ளேயே சுண்ணாம்பு படிந்து வெளிறியது. தேடிப் பார்த்தால், லென்ஸ் வந்த பெட்டியின் மூடியில் இருந்த சிலிக்கோன் வளையம் அதில் ஒரு காரணமாக இருந்திருக்கிறது! லென்ஸைச் சோதித்தவர்கள் பெட்டியின் மூடியைச் சோதிக்கவில்லை.

இன்னொன்று. ஆய்வில் சேர்ந்தவர் எந்த நேரமும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதனால் அவருடைய வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. உலக மருத்துவச் சங்கத்தின் 1964 ஹெல்சிங்கிப் பிரகடனத்தை ஒட்டி எங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி இது. மருந்துச் சோதனை என்றால் குளிசையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரலாம். லென்ஸ் சோதனையில் அண்ணா விலகுவார், லென்ஸ் விலகாது. புரை பிடித்த சொந்த வில்லையை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய உறைக்குள்தான் லென்ஸை வைக்கிறார்கள். நாளாக நாளாக அந்த உறை லென்ஸைச் சுற்றி இறுகிவிடும். பிறகு எடுப்பது வைத்ததைவிடச் சிக்கலான வேலை. எனவே தாளில் அவர் தேட வேண்டியது “விலகலாம்” என்ற வரியை மட்டும் அல்ல. ஆய்வு முடிந்த பிறகு, ஐந்தாம் ஆண்டில் கண் மங்கினால் யார் பார்ப்பது, லென்ஸை மாற்ற நேர்ந்தால் செலவு யாருடையது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். மொழிபெயர்க்கப் பேரனைக் கூட்டிக்கொண்டு போகாமல் அங்குள்ள மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும் நல்லது. தாத்தா பயந்துவிடுவார் என்று பேரப்பிள்ளைகள் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

என் சொந்த அளவுகோல் ஒன்றே ஒன்று. லென்ஸ் செய்த பொருள் பல ஆண்டு பழகியதாக இருந்து, வடிவம் மட்டும் புதிது என்றால் நான் சேருவேன். பொருளே புதிது என்றால் பிறருக்கு ஐந்தாறு ஆண்டு போகட்டும் என்று காத்திருப்பேன். இது தன்னலம்தான், மறைக்கவில்லை. அண்ணா வைத்தியரிடம் முதலில் இந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும்.

லண்டன் கதைதானே என்று மற்றவர்கள் இருந்துவிட வேண்டாம். நம் நாட்டிலும் இப்படியான சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்; மருந்தையும் மருத்துவச் சாதனத்தையும் கட்டுப்படுத்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. யாராவது ஊர்ப் பொதுமண்டபத்துக்கு வந்து “புதிய லென்ஸ், இலவசம்” என்றால், இலவசம் என்ற சொல் அனுமதிப் பத்திரம் ஆகாது. தமிழில் சம்மதப் படிவம் எங்கே என்று கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க விடாத படிவத்தில் ஒப்பம் வைக்க வேண்டாம்.

கேள்வி: இறந்தவர்கள் தானம் செய்யும் கண்ணிலிருந்து வில்லையை எடுத்துப் புரை உள்ளவருக்கு வைத்தால் செயற்கை லென்ஸே தேவையில்லையே? — பூநகரி வாசகர்

பதில்: தானக் கண்ணில் நோயாளிக்குப் பொருத்துவது பெரும்பாலும் கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடி. இலங்கைக் கண்தானச் சங்கம் ஹட்சன் சில்வாவின் முயற்சியால் 1961இல் தொடங்கி உலகம் முழுவதும் அனுப்பிவருவது அதைத்தான். உள்ளே இருக்கும் வில்லையை யாரும் மாற்றி வைப்பதில்லை. அறுபது வயதில் இறந்தவரின் வில்லைக்கும் அறுபது வயதுதான். புரை அதிலும் தொடங்கியிருக்கும். கண்தானம் செய்யுங்கள், ஆனால் புரைக்காக அல்ல.

கேள்வி: என் அப்பாவுக்கு 2009 இடப்பெயர்வில் ஷெல் காயம். தோளிலும் கன்னத்திலும் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. அடிபட்ட பக்கத்துக் கண்ணில் இப்போது வெள்ளை படர்ந்துவிட்டது. “ஏற்கெனவே உடம்பில் இருக்கிற இரும்பு போதும், கண்ணுக்குள் இன்னொன்றை வைக்க விடமாட்டேன்” என்கிறார். புதிய லென்ஸ் ஆய்வு எதிலாவது சேர்த்தால் நல்ல லென்ஸ் கிடைக்குமா? — வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்ற யோசனையே போர்க் காயத்திலிருந்து பிறந்ததுதான்.

1940இல் பிரித்தானிய விமானப்படையின் ஹரிக்கேன் விமானி கோர்டன் கிளீவர் சுடப்பட்டபோது, விமானத்தின் மூடி சிதறிப் பிளாஸ்டிக் துகள்கள் கண்களுக்குள் புகுந்தன. அந்த மூடி பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக். அவருக்கும் அவரைப் போன்ற விமானிகளுக்கும் சிகிச்சை செய்த ஹெரல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். இரும்புத் துண்டு கண்ணுக்குள் கிடந்தால் துருவேறி விழித்திரையைக் கெடுக்கும். செம்பு என்றால் கண் கொதித்துச் சிவந்துவிடும். இந்தப் பிளாஸ்டிக் துகள்களோ உள்ளே சும்மா கிடந்தன. கண் அவற்றோடு சண்டை பிடிக்கவில்லை. புரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஏன் ஒன்றும் வைப்பதில்லை என்று ஒரு மருத்துவ மாணவர் அவரிடம் கேட்டதும் சேர்ந்துகொண்டது. 1949 நவம்பர் 29ஆம் தேதி லண்டன் சென்ட் தோமஸ் வைத்தியசாலையில், 45 வயதுப் பெண் ஒருவருக்கு ரிட்லி முதல் லென்ஸை வைத்தார். உடன் வேலை செய்தவர்களைத் தவிர வெளியில் யாருக்கும் மூச்சு விடவில்லை. 1951இல் ஒக்ஸ்போர்டில் நடந்த கண் வைத்தியர் மாநாட்டுக்கு நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, பெரிய பெரிய தலைகள் அந்தக் கண்களைத் திரும்பிப் பார்க்கக்கூட மறுத்தன.

அந்த முதல் லென்ஸின் சக்தியோ தப்புக் கணக்கு. அந்தப் பெண்ணுக்குக் கடும் கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. இன்றைக்குக் கண்ணின் நீளத்தை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு வரை அளந்துதான் லென்ஸ் எடுக்கிறோம். ஒரு மில்லிமீற்றர் பிசகினாலே கண்ணாடியின் எண் ஏறக்குறைய இரண்டரை மாறிவிடும். இத்தனை படிவமும் குழுவும் இல்லாத காலத்தில் செய்த சோதனை அது. ரிட்லியை நான் மதிக்கிறேன். அதே மாதிரி இன்று யாராவது கதவை மூடிக்கொண்டு செய்தால் பொலிசுக்குத்தான் போவேன்.

அப்பாவின் விஷயத்துக்கு வருவோம். கண்ணுக்குள் வைப்பதில் இரும்பு இல்லை. அது பெர்ஸ்பெக்ஸ் குடும்பப் பிளாஸ்டிக், அல்லது மடிக்கக்கூடிய அக்ரிலிக். ஒளி புகும் வட்டம் ஆறு மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் நூல் போல வளைந்த இரண்டு கைகள். கைகளோடு சேர்த்தாலும் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீற்றர்தான். மடித்த லென்ஸை மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த வெட்டு வழியாக உள்ளே தள்ளிவிட்டால், வாழைக்குருத்து விரிவது போல மெல்ல விரிந்து இடத்தில் உட்காரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நேரத்தில் கூடத்தில் யாரும் பேச மாட்டோம்.

ஆய்வில் சேர்ப்பது பற்றி மட்டும் ஆசை வளர்க்க வேண்டாம். லென்ஸ் ஆய்வுகளில் காயம்பட்ட கண், கண் அழுத்தம் உள்ள கண், நீரிழிவால் விழித்திரை கெட்ட கண் ஆகியவற்றைப் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. வேறு பழுதில்லாத கண்ணில்தான் லென்ஸின் குணம் தெளிவாகத் தெரியும் என்பது அவர்கள் நியாயம். அது சரிதான். ஆனால் அதனால் என்ன ஆகிறது? கடைசியில் வெளிவரும் பெருமையான முடிவு, வன்னியில் வரிசையில் நிற்கும் பாதிப் பேருக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் அப்பாவின் கண்ணில் வில்லையைத் தாங்கும் நூலிழைகள் அறுந்திருக்கலாம். பின்னால் விழித்திரை கிழிந்திருக்கலாம். வெள்ளை மறைப்பதால் உள்ளே பார்க்க முடியாது. ஒலி அலை ஸ்கேன் எடுத்துத்தான் தீர்மானிப்பார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்பது லென்ஸின் விலையில் இல்லை, அந்த விழித்திரையில் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்க யாராவது அனுப்பினால், உடம்பில் துண்டுகள் இருப்பதை வாசலிலேயே சொல்ல வேண்டும். காந்தம் இரும்பை அசைக்கும். சி.டி. ஸ்கேனில் அந்தப் பிரச்சினை இல்லை.

கேள்வி: அப்பாவுக்குத் தனியார் இடத்தில் “மல்ட்டிபோகல்” லென்ஸ் வைக்கச் சொல்கிறார்கள். எட்டமும் கிட்டமும் கண்ணாடி இல்லாமல் தெரியுமாம், ஆய்வில் நிரூபித்ததாம். விலை பல மடங்கு. சுவிஸில் இருக்கும் தம்பி காசு அனுப்பத் தயார். அப்பா வயல் செய்கிறார், இரவில் யானைக் காவலுக்கும் போகிறவர். வைக்கலாமா? — வாசகி, மல்லாவி

பதில்: ஆய்வில் நிரூபித்தது உண்மை. எதை நிரூபித்தது என்பதில்தான் கதை இருக்கிறது.

சாதாரண லென்ஸ் வரும் ஒளி முழுவதையும் ஒரே தூரத்துக்குக் குவிக்கும். மல்ட்டிபோகல், அதே ஒளியைப் பங்கு பிரித்து எட்டத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்குக் கொஞ்சம் கொடுக்கும். ஒளி என்ன இரட்டிப்பாகவா போகிறது? இரண்டு வகையையும் ஒப்பிட்ட ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்னவை இரண்டு. மல்ட்டிபோகல் வைத்தவர்களுக்குக் கிட்டத்து வேலைக்குக் கண்ணாடி தேவைப்படுவது குறைவு. அதே ஆட்களுக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும், கண் கூசுவதும் அதிகம். விற்பவர் முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். பலருக்கு வளையங்கள் சில மாதங்களில் பழகிப்போகும். சிலருக்குப் பழகவே பழகாது. அவர்களில் ஒரு பகுதியினர் லென்ஸை மாற்றச் சொல்லித் திரும்பி வருவார்கள்.

உங்கள் அப்பாவை நினைத்துப் பார்க்கிறேன். காட்டோரம் பரண். நிலா இல்லை. அடுத்த வயல்காரர் டோர்ச் லைட்டை இந்தப் பக்கம் திருப்புகிறார். அந்த ஒற்றை வெளிச்சத்தைச் சுற்றி மூன்று நான்கு வளையங்கள். அந்த வளையங்களுக்குப் பின்னால் இருப்பது பற்றைக்காடா, கொம்பனா என்று பிரித்தறிய வேண்டும். யானையின் நிறமே இருட்டின் நிறம். கறுப்புக்கும் சாம்பலுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு வித்தியாசத்தைத்தான் மல்ட்டிபோகல் கொஞ்சம் தின்கிறது. ஆய்வுகளில் நிரப்பச் சொல்லும் கேள்வித்தாள்களில், இரவில் கார் ஓட்டுவது, பத்திரிகை வாசிப்பது, படியிறங்குவது எல்லாம் கேட்பார்கள். வரம்பில் நிற்கும் யானை தெரிகிறதா என்று கேட்ட தாளை நான் கண்டதில்லை.

எட்டத்தைக் காட்டும் சாதாரண லென்ஸ் போதும். நெல் விற்ற துண்டை வாசிக்க, சந்தையில் வாங்கும் வாசிப்புக் கண்ணாடி ஒன்று சட்டைப் பையில் கிடக்கட்டும். இரவில் ஏ9 வீதியில் வாகனம் ஓட்டும் சாரதிகளுக்கும் இதையே சொல்வேன். பகலெல்லாம் ஊசியில் நூல் கோக்கிற, இரவில் வெளியே இறங்காத தையற்காரருக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன். மல்ட்டிபோகல் கெட்ட லென்ஸ் அல்ல, உங்கள் அப்பாவுக்கானது அல்ல. தம்பி அனுப்பும் காசுக்கு யானை வேலி போடலாம்.

கேள்வி: இந்தியாவில் செய்த மலிவு லென்ஸ்களை ஏழைகளுக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். மலிவு என்றால் சோதிக்காதது என்றுதானே அர்த்தம்? — வாசகர், நெடுங்கேணி

பதில்: இல்லை, ஐயா. லென்ஸ் ஒன்று மலிவானது எப்படி என்று கேட்டால் நமக்குப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. டொக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு கட்டிலோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கீல்வாதத்தால் விரல்கள் வளைந்துபோன மனிதர். அந்த விரல்களுக்கு ஏற்ற ஆயுதங்களோடு கத்தி பிடித்தவர். மேற்கிலிருந்து வந்த லென்ஸ்கள் நூறு டொலர் அளவில் விற்ற காலத்தில், 1992இல் அவர்கள் ஒரோலாப் என்ற தங்கள் தொழிற்சாலையிலேயே செய்து பத்து டொலர் அளவுக்கு விலையை இறக்கினார்கள். சர்வதேசத் தரச் சான்றும் பெற்றுப் பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். நேபாளத்தில் கண் வைத்தியர் சந்துக் ரூயிட்டின் தில்கங்கா கண் நிலையமும் இதே வழியில் நடந்தது.

மலிவான முறையையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2007இல் வெளியான நேபாள ஆய்வு ஒன்றில் 108 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு விலை கூடிய இயந்திர முறையிலும், மறு பகுதிக்குத் தையலில்லாத சிறு வெட்டு முறையிலும் புரை எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து, கண்ணாடியோடு நல்ல பார்வை பெற்றவர்கள் இரண்டு பக்கமும் 98 சதவீதம். சிறு வெட்டு முறைக்கு நேரமும் குறைவு, செலவும் குறைவு.

உங்கள் சந்தேகத்தின் வேர் எனக்குத் தெரியும். 2023இல் நம் நாட்டிலேயே புரை எடுத்த சிலருக்கு, பிறகு ஊற்றிய சொட்டு மருந்தால் பார்வை பாதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு சத்திரசிகிச்சைத் திகதியைத் தள்ளிப்போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அங்கே குற்றம் சொல்லப்பட்டது லென்ஸ் மீது அல்ல, மருந்து மீது. ஆனாலும் பயம் நியாயமானது. பயந்து வீட்டில் இருப்பதைவிட, போத்தலின் பெயரையும் தொகுதி எண்ணையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். புரை முற்ற முற்ற வில்லை கல்லாகும். சிலருக்கு உள்ளேயே கசிந்து கண் அழுத்தம் ஏறி, வலியோடு பார்வையும் போகும். முற்றின பிறகுதான் எடுக்கலாம் என்பது அந்தக் காலத்துக் கதை.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். இளவயதுக் கண் போலத் தானே குவியத்தை மாற்றும் லென்ஸ் வந்துவிட்டதா? — மாணவி, கிளிநொச்சி

பதில்: முழுதாக வரவில்லை, பிள்ளை. உங்கள் வயதில் கண்ணுக்குள் ஒரு தசை சுருங்கினால் வில்லை தடிக்கும், கிட்டம் தெரியும். நாற்பதைத் தாண்டும்போது அந்த வில்லை விறைத்துவிடுகிறது. தசையின் அசைவில் நகரும் லென்ஸ் ஒன்றுக்கு 2003இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பிறகு அளந்து பார்த்தபோது அசைவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. இப்போது திரவம் நிரப்பிய லென்ஸ்கள் மனிதக் கண்களில் சோதனையில் இருக்கின்றன. தசை அமுக்கினால் திரவம் நகர்ந்து வடிவம் மாற வேண்டும் என்பது திட்டம். உறை இறுகிய பிறகும் அந்த அசைவு மிஞ்சுமா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

2017இல் அனுமதி பெற்ற இன்னொன்று எனக்குப் பிடித்தது: கண்ணுக்குள் வைத்த பிறகு, வெளியிலிருந்து புற ஊதா ஒளியைப் பாய்ச்சி அதன் சக்தியைத் திருத்தலாம். ரிட்லியின் முதல் நோயாளிக்கு வந்தது போன்ற பெரிய தப்புக் கணக்கை அது திருத்தாது, சிறு பிசகைத் திருத்தும். ஆனால் கடைசித் திருத்தம் முடியும்வரை புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியை விடாமல் போட வேண்டும். வெயில் பட்டால் லென்ஸ் தன் இஷ்டத்துக்கு மாறிவிடும். இரணைமடுக் குளக்கட்டில் வைகாசி வெயிலில் நடக்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: புரை எடுத்து வந்த அம்மா, வெள்ளைச் சுவரெல்லாம் நீலமாகத் தெரிகிறது என்கிறார். லென்ஸ் பிழையா? — வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: சுவர் எப்போதும் அப்படித்தான் இருந்தது. பழுத்து மஞ்சளான வில்லை வழியாக அம்மா பல வருடம் பார்த்திருக்கிறார். அது போனதும் நீலம் எல்லாம் ஒரேயடியாக உள்ளே வருகிறது. சில வாரங்களில் மூளை சரிசெய்துகொள்ளும். நீலத்தை வடிகட்டும் மஞ்சள் லென்ஸும் விற்கிறார்கள். விழித்திரையைக் காக்கும் என்று விளம்பரம் வரும். இதுவரை நடந்த ஆய்வுகளில் அதற்கு நம்பகமான சான்று இல்லை, ஆகவே அம்மாவுக்கு அது வைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

வலி, சிவப்பு, பார்வை மங்கல் மூன்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். மாதக்கணக்கு கழித்துப் புகை படர்ந்தது போலத் தெரிந்தால், அது பெரும்பாலும் லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறை தடித்ததுதான். லேசரால் சில நிமிட வேலை. லென்ஸ் பெட்டிக்குள் ஒட்டும் துண்டுகள் இருக்கும். லென்ஸின் வகை, சக்தி, தொடர் எண் எல்லாம் அதில் உண்டு. அம்மாவின் கொப்பியில் ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். வாங்கியதைப் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பத்திரம் எல்லாம் தொலைத்த ஊர் நம்முடையது.